தூத்துக்குடியில் மூன்று வேளை

ஜெமிமாவுக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் ஒரு வரன் வந்தது. கொண்டுவந்தது சாரம்மாள். பாளையங்கோட்டையில் யார் வீட்டில் பெண் இருக்கிறது, யார் வீட்டில் பையன் இருக்கிறான் என்பதெல்லாம் அந்த அம்மாளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது ஜெமிமாவின் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"தூத்துக்குடி மாப்ள. பேரு மணிராஜ். ஐஸ் கம்பெனில மெக்கானிக்கு. அம்பது இன்னும் முடியல. பெஞ்சாதி கொரோனாவுல போய்ச் சேந்துட்டா. ஒரே ஒரு பொம்பளப் பிள்ள, காலேசு படிக்கா. குடி கெடையாது. என்ன சொல்லுத?"

ஜெமிமா உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. சாரம்மாளுக்கு அதுவே பெரிய ஆச்சரியம்.

"பாக்கலாம் பெரிம்மா. ஆனா எங்க வீட்டுக்கு யாரும் வரக்கூடாது."

"பொறவு எப்படிளா பாக்கது?"

"நான் தூத்துக்குடிக்குப் போறேன். காலைல, மத்தியானம், சாயங்காலம். மூணு வேளையும் மூணு ஓட்டல்ல அவருகூட உக்காந்து சாப்பிடணும். அவரு மட்டும் வந்தாப் போதும். அத்தை, மாமா, சித்தப்பான்னு ஆளு அம்போட வர வேண்டாம்."

சாரம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார். ஆனால் ஜெமிமா விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இருபத்து மூன்று வயதிலிருந்து முப்பத்து மூன்று வயது வரை அவளைப் பார்க்க இருபத்தொரு குடும்பம் வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் கேசரி, பஜ்ஜி, காபி. ஒவ்வொரு முறையும் அதே எவர்சில்வர் தட்டு. ஒரு வீட்டுக்காரர் ஐந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, பெண் உயரம் அதிகம் என்று போனார். இன்னொரு வீட்டில் பையனுக்குப் பிடித்திருந்தது, பையனின் அக்காளுக்குப் பிடிக்கவில்லை. கடைசியாக வந்தவர்கள், பெண் வேலையை விட்டுவிடுமா என்று அவளுடைய அம்மாவிடம் கேட்டது அடுப்படி வரைக்கும் கேட்டது. ஜெமிமா தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்துக்கொண்டே, "விட மாட்டேன்" என்றாள். அதோடு அந்த வீட்டில் பெண் பார்ப்பது நின்றுபோனது.

அவள் வேலை தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ரத்தம் எடுப்பதில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. குண்டுக் குழந்தை, வற்றிப்போன கிழவர், நாலு இடத்தில் குத்தி நரம்பு அகப்படாமல் கை வீங்கிப்போனவர், எல்லாருக்கும் கடைசியில் ஜெமிமாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து கையைத் தடவிப் பார்ப்பாள். "ஒரே ஒரு குத்துதான்" என்பாள். சொன்னபடி ஒரே குத்தில் முடிப்பாள்.

ஓட்டலில் சாப்பிடுவது அவளுக்கு முதல் சம்பளத்தோடு வந்த பழக்கம். இருபத்திரண்டு வயதில் பாளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குத் தனியாகப் போனாள். கல்லாவில் இருந்தவர், "பேமிலி ரூம் மாடில இருக்கும்மா" என்றார். "நான் பேமிலி இல்ல, ஒத்த ஆளு" என்று சொல்லிவிட்டு, ஆண்கள் உட்கார்ந்திருந்த கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நெய் ரோஸ்ட் வந்ததும் அவள் அதைத்தான் பார்த்தாள். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு ஓட்டல். டவுணில் எந்தக் கடையில் ரவா தோசை எத்தனை மணிக்குப் போனால் நன்றாக இருக்கும், ஜங்ஷனில் எந்தக் கடையில் சாம்பார், சட்னி வைக்கிற சரக்கு மாஸ்டர் மாறிவிட்டார் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்த பிறகும் அந்தச் சனிக்கிழமைகளை அவள் விடவில்லை.

அடுத்த தெருவில் இருந்த தம்பி ஹெப்ரான் கேள்விப்பட்டு ஓடி வந்தான். பள்ளிக்கூட வாத்தியார், எதற்கும் நாலு பேரை நினைத்துப் பார்க்கிறவன்.

"ஊரு என்னக்கா சொல்லும்? கல்யாணப் பேச்ச ஓட்டல்ல வச்சா பேசுவாங்க?"

"ஊருக்குப் பசிச்சா அதுவும் வரட்டும். நடு வீட்டுல புதுச் சட்டையப் போட்டு அரை மணி நேரம் எவன் வேணும்னாலும் நல்லவனா உக்காந்துருவான்ல. மூணு வேளை சாப்பாட்டுல நடிக்க முடியாது. சப்ளையர் லேட்டா வருவான். ரசம் ஆறிப்போயிருக்கும். பக்கத்து மேசைப் பிள்ள தண்ணியத் தட்டிவிடும். அப்ப பாக்கணும் ஆள."

ஹெப்ரானின் மனைவி ஸ்வீட்லின் சிரித்துவிட்டாள். "நீங்க போயிட்டு வாங்க மைனி. இவுகள வேணும்னா நான் வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிக்கிடுதேன்."

ஆடி மாதத்து முதல் சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் ஜெமிமா கிளம்பினாள். வல்லநாட்டில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது காற்று பஸ்ஸின் உள்ளே புகுந்து எல்லார் தலையையும் கலைத்தது. வாகைக்குளம் கழிந்த பிறகு காற்றில் உப்பு ஏறியது. தூத்துக்குடி பழைய பஸ் நிலையத்தில் இறங்கியபோது அவளுக்கு நல்ல பசி. பயம் எதுவும் இல்லை.

சொல்லியிருந்த சைவ ஓட்டல் வாசலில் ஒருவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். சட்டையில் கடை மடிப்பு இன்னும் போகவில்லை. கையில் எண்ணெய்க் கறை படிந்து நகக்கண்ணெல்லாம் கருத்திருந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

"மணிராஜா?"

"ஆமா. வாங்க மேடம்."

"ஜெமிமான்னே சொல்லுங்க. உள்ள போயி உக்காந்திருக்கலாம்ல?"

"நீங்க எந்த இடத்துல உக்காரப் பிரியப்படுவியன்னு தெரியல. அதான் நின்னேன்."

ஜெமிமா மனதுக்குள் ஒரு மதிப்பெண் போட்டாள். சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசையைத் தேர்ந்தெடுத்தாள். அங்கேதான் எல்லாம் சூடாக வரும்.

அவள் பொங்கலும் பிறகு ரவா தோசையும் சொன்னாள். "ஒங்களுக்கு?" என்று கேட்டபோது, "எதுனாலும் சரி" என்றார் அவர்.

"எதுனாலும் சரின்னு ஒரு பலகாரம் கெடையாது."

மணிராஜ் கொஞ்சம் தடுமாறினார். பிறகு சப்ளையரைப் பார்த்து, "ரெண்டு வடை. ஒரு தோசை, நல்லா முறுகலா, ஒடியுத மாதிரி" என்றார்.

பொங்கல் வந்தது. ஜெமிமா குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்தாள். அவளுக்கு அது பழக்கம். சாப்பாடு வந்தால் முதலில் மூக்கு, பிறகுதான் கை. நிமிர்ந்தபோது மணிராஜ் தன் வடையைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நெய் கொஞ்சம் பழசு. மிளகு புதுசு. இஞ்சி ஜோரா இருக்கு."

"அவ்வளவும் தெரியுதா?" என்றார். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

தோசைக்கு அவர் சாம்பாரும் சட்னியும் தொட்டுக்கொள்ளவே இல்லை. மிளகாய்ப் பொடியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார். வடையின் மொறுமொறுப்பான ஓரத்தையெல்லாம் முதலில் தின்றுவிட்டு நடுப்பகுதியை வேண்டாவெறுப்பாகச் சாப்பிட்டார். பல்லுக்குச் சாப்பிடுகிற மனிதர் என்று ஜெமிமா எண்ணிக்கொண்டாள். அவசரத்தில் வந்த சப்ளையரின் கையிலிருந்து தண்ணீர்த் தம்ளர் சாய்ந்து மணிராஜின் புதுச் சட்டை பாதி நனைந்தது. சப்ளையருக்கு முகம் வெளிறிப்போனது.

"காத்து இந்தப் போடு போடுது, ரெண்டு நிமிசத்துல காஞ்சிரும். நீங்க போயி வேலையப் பாருங்கண்ணே" என்றார் மணிராஜ்.

ஆக, காலைச் சாப்பாட்டில் அவளுக்குப் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. அந்த 'எதுனாலும் சரி' மட்டும் கொஞ்சம் உறுத்தியது. ரத்தப் பரிசோதனையில் 'ஏதோ ஒரு அளவு' என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அவள் ஒத்துக்கொள்வாளா?

மணிராஜுக்குக் கம்பெனியில் இரண்டு மணி நேர வேலை இருந்தது. அவர் போன பிறகு ஜெமிமா கடைத்தெருவைச் சுற்றினாள். ஒரு பேக்கரியில் மக்ரூன் வாங்கி, முட்டையும் முந்திரியும் சீனியும் நாக்கில் கரைய, கடை வாசலிலேயே நின்று தின்றாள். அவசரமே இல்லாமல் கடற்கரைச் சாலை வரைக்கும் நடந்தாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு மீன் சாப்பாட்டுக் கடை. நல்ல கூட்டம். வாழை இலை போட்டு, சோறும் மீன் குழம்பும் வந்தன. வறுத்த சீலா மீன் ஆளுக்கு இரண்டு துண்டு வந்தது. நன்றாகச் சிவந்து, மேலே கறிவேப்பிலை தூவி, பார்க்க அழகாக இருந்தது. மணிராஜுக்குப் பசி போல. முதல் துண்டை உடனே பிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

ஜெமிமா தன் துண்டைப் பிட்டாள். மசாலாவுக்கு அடியிலிருந்து அந்த நாற்றம் எழுந்தது. மீன் வாசனை வேறு, இது வேறு. சுருக்கென்று மூக்கில் ஏறுகிற, ஈரத் துணியை மூட்டையில் கட்டிவைத்துத் திறந்தாற்போன்ற நாற்றம். மீனை அப்படியே இலை ஓரத்தில் வைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் மணிராஜ் முதல் துண்டை முடித்துவிட்டு இரண்டாவதில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"மீன வைங்க" என்றாள்.

"என்ன?"

"அத வைங்க. கெட்டுப்போயிருக்கு."

சப்ளையர் வந்தார். "எக்கா, இன்னைக்குக் காலைல வந்த மீனாக்கும். கண்ணால பாத்து வாங்குனது" என்றார். ஜெமிமா குரலை உயர்த்தவில்லை. "கண்ணால பாத்திருப்பிய. இப்ப மூக்கால பாருங்க" என்றாள். சப்ளையர் போய் மேலாளரைக் கூட்டிவந்தார். மேலாளர் நெற்றியில் வேர்வையோடு வந்து, ஜெமிமாவை ஒரு பார்வை பார்த்தார், பிறகு மணிராஜின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க ஐஸ் கம்பெனில்லா? ஒங்களுக்குத் தெரியாத மீனா? நீங்களே ஒரு துண்டு சாப்பிட்டு முடிச்சிட்டிய. எப்படி இருந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

மணிராஜ் கையைச் சோற்றில் வைத்தபடியே இருந்தார். ஜெமிமா அவரைப் பார்த்தாள். தெரிந்த கடைக்காரனுக்காகப் பூசி மெழுகப் போகிறாரா? மெழுகினால் அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விடுவது என்று அவள் தீர்மானித்தே விட்டாள்.

"எனக்குத் தெரியாது" என்றார் மணிராஜ். "எனக்கு மூக்குல வாசம் தெரியாது. நாலு வருசமாச்சு. அவுங்க கெட்டுப்போயிருக்குன்னா கெட்டுத்தான் போயிருக்கும். நீங்க மோந்து பாருங்க."

மேலாளர் இலையிலிருந்த துண்டை எடுத்து முகர்ந்தார். அவர் முகம் மாறியது. உள்ளே போனார். சமையலறையில் சத்தம் கேட்டது. தட்டு தட்டாக வறுத்த மீன் திரும்பிப் போனது. திரும்பி வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, வேறு மீன் வறுத்துத் தருகிறேன் என்றார்.

"வேண்டாம். சோறும் ரசமும் அப்பளமும் குடுங்க, போதும்" என்றாள் ஜெமிமா. "நீங்க எடுத்துப் போட்டுட்டிய, அதுவே நல்லது."

ரசம் நன்றாக இருந்தது. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். மணிராஜ் அப்பளத்தை மட்டும் நொறுக்கிக்கொண்டிருந்தார்.

கடற்கரைச் சாலைப் பூங்காவில் ஒரு பெஞ்சு கிடைத்தது. காற்று பேச்சைத் தூக்கிக்கொண்டு போனதால் இருவரும் கொஞ்சம் நெருங்கித்தான் உட்கார வேண்டியிருந்தது.

"எனக்கும் அவளுக்கும் ஒரே நாள்லதான் காய்ச்சல் வந்துச்சு" என்று மணிராஜ் ஆரம்பித்தார். "ரெண்டு பேரையும் ஒரே ஆஸ்பத்திரில சேத்தாங்க. எனக்கு வாசம் போச்சு, அவளுக்கு மூச்சு போச்சு. நான் வீட்டுக்கு வந்தேன், அவ வரல. வீட்டுக்கு வாரவங்ககிட்டப் போயி, எனக்குக் குழம்பு வாசம் தெரியலன்னு சொல்ல முடியுமா? செத்தவளுக்கு முன்னால என் மூக்கு ஒரு சங்கதியா? சொல்லல. வந்திரும் வந்திரும்னு இருந்தேன். வரல."

"உப்பு, புளி தெரியுதா?"

"தெரியும். உப்பு, புளிப்பு, ஒறைப்பு, இனிப்பு. மத்ததெல்லாம் தாள மெல்லுத மாதிரி இருக்கும். அதான் முறுகலாக் கேப்பேன். சத்தமாவது கேக்கும்ல."

அம்மா போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை ஜெமிமாவும் ஓட்டலுக்குப் போய் உட்கார்ந்து, வந்த தோசையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆனால் அவளுக்குத் தோசையின் மணம் மூன்றாம் வாரமே திரும்பி வந்துவிட்டது.

"கம்பெனியில தெரியுமா?" என்று கேட்டாள்.

இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். "அம்மோனியா ஓடுத இடம். எங்கனயாவது கசிஞ்சா மொதல்ல மூக்குதான் சொல்லணும். எனக்குக் கண்ணு எரியும், அத வச்சுச் சமாளிக்கேன். சொன்னா வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

"அது சரியில்ல" என்றாள் அவள் பட்டென்று. "ஒங்களுக்கு மட்டும் இல்ல, அங்க இருக்கிற எல்லாருக்கும்தான ஆபத்து? திங்கக்கெழம போயிச் சொல்லணும். கசிஞ்சா அடிக்கிற மாதிரி அலாரம் இருக்கு, மாட்டச் சொல்லுங்க. மூக்கப் பத்தி நான் பொய் சொல்ல மாட்டேன். டாக்டருங்க வாசப் பயிற்சின்னு ஒண்ணு குடுக்காங்க. கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் தைலம். காலைலயும் சாயங்காலமும் ஒண்ணொண்ணா மோந்து பாக்கணும், அந்த வாசத்த நெனச்சுக்கிட்டே. மாசக்கணக்கா செய்யணும். நாலு வருசம் ஆயிட்டதால வராமலும் போகலாம். ஆனா செய்யாம இருக்க ஒரு காரணமும் இல்ல."

"வந்திரும்னு சொல்லாம இருந்தியல்லா, அதுவே எனக்கு ஆறுதலா இருக்கு" என்றார் மணிராஜ். பிறகு, "சாயங்காலம் என் மக கரோலினும் வாரேன்னு சொல்லுதா. தனியாத்தான் வரணும்னு நீங்க சொன்னிய. வேண்டாம்னா சொல்லிருதேன்" என்றார்.

"பிள்ள வரட்டும்" என்றாள் ஜெமிமா.

ஐந்தரை மணிக்குப் பரோட்டாக் கடை திறந்து கல் சூடாகிவிட்டிருந்தது. கரோலின் கல்லூரிப் பையோடு வந்தாள். இருபது வயது, அப்பாவைப் போலவே ஒல்லி. "வாங்க ஆன்ட்டி" என்று மரியாதையாகச் சொன்னாள். பொரித்த பரோட்டாவும் சால்னாவும் வந்தன. மணிராஜ் பரோட்டாவை நொறுக்கினார். கரோலின் தன் தட்டைத் தொடவில்லை.

ஜெமிமா அவளைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவில்லை. சமாதானப் பேச்சும் பேசவில்லை. ஜெமிமாவுக்கு நல்ல பசி, சால்னாவில் பட்டையும் சோம்பும் தூக்கலாக இருந்தன. அவள் சாப்பிட்டாள். சிறிது நேரம் கழித்து, "ஒனக்கு எங்கிட்ட என்ன கேக்கணுமோ கேளு. நான் ஒளிக்க மாட்டேன்" என்றாள்.

"எனக்கு ஒங்ககிட்ட ஒண்ணும் கேக்கண்டாம் ஆன்ட்டி. சொல்லத்தான் செய்யணும்" என்றாள் கரோலின். "எங்கப்பாவக் கட்டிக்கிடுததுன்னா கட்டிக்கிடுங்க. ஆனா ஒங்களுக்கும் இதேதான் நடக்கும். அம்மா போன பொறவு நான்தான் சமைக்கேன். பதினாறு வயசு அப்ப எனக்கு. அம்மா வைக்கிற மாதிரியே ஊளி மீன் குழம்பு வைக்கணும்னு எத்தன தடவ வச்சிருப்பேன்! எப்படிப்பா இருக்குன்னு கேட்டா, நல்லாருக்கு. அடிப்பிடிச்சாலும் நல்லாருக்கு. அம்மா குழம்ப இவுக மறந்தே போயிட்டாங்க. என்னத்தப் போட்டாலும் ஒண்ணுதான். போன வருசம் கேஸத் தெறந்து போட்டுட்டு அந்த வீச்சத்துல உக்காந்து டிவி பாத்துட்டு இருக்காங்க. நான் வந்து நிப்பாட்டுனேன். எங்க மேல அக்கற இருந்தா ஒரு மனுசன் அப்படி இருப்பானா?"

மணிராஜின் கையிலிருந்த துண்டு தட்டில் விழுந்தது. ஜெமிமா அவரைப் பார்த்தாள். மூக்கு விசயத்தை மகளிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான், தான் இல்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"நான் கை கழுவிட்டு வாரேன்" என்று எழுந்தாள்.

கை கழுவும் இடத்தில் நன்றாக, பைய, ஆஸ்பத்திரியில் கழுவுகிற மாதிரி விரல் விரலாகக் கழுவினாள். பின்னால் நின்றவருக்கு வழி விட்டாள். மறுபடியும் கழுவினாள். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி அடிக்கிறதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். திரும்பி வந்தபோது கரோலினின் முகம் முழுக்கக் கண்ணீர். ஆனால் அவள் கோபத்தோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"நாலு வருசம்! ஒரு வார்த்த சொன்னா என்ன? அப்ப அந்த ஈஸ்டருக்குக் கருகிப் போச்சே, அந்தப் பிரியாணி?"

"தெரியல மக்கா."

"தேங்கா எண்ண சிக்கு வாடை அடிச்சுச்சே?"

"அதுவும் தெரியல."

"அம்மா குழம்பு?"

"அது நெனப்புல இருக்கு. கொடம்புளி போடுவா, கடைசில பச்ச மிளகாயக் கீறிப் போடுவா. நீ வைக்கும்போதெல்லாம் அந்த நெனப்பத் தொட்டுக்கிட்டுத்தான் சாப்பிடுதேன். ஒன் குழம்பு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது, மக்கா. அதச் சொன்னா நீ சமைக்கதையே விட்டுருவியோன்னு பயம்."

கரோலின் துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். ஆறிப்போன தன் தட்டை இழுத்துவைத்து, இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு சிரிப்பும் அழுகையுமாக, "அந்தப் பிரியாணிய நான் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டேன், அது திங்கல. நீங்க ரெண்டு தட்டுத் தின்னிய" என்றாள்.

முதலில் சிரித்தது ஜெமிமாதான். அடக்க முடியாமல் சிரித்தாள். மணிராஜும் சேர்ந்துகொண்டார். சப்ளையர் வந்து, "இன்னும் ரெண்டு பரோட்டா வைக்கட்டா?" என்று கேட்டார். "ஆளுக்கு ரெண்டு வைங்க" என்றாள் கரோலின்.

வெளிச்சம் இருக்கும்போதே அவர்கள் இருவரும் ஜெமிமாவைப் பஸ் ஏற்றிவிட வந்தார்கள். மணிராஜ் ஏதோ கேட்க நினைப்பதும் கேட்காமல் விடுவதுமாக இருந்தார். ஜெமிமாவே பேசினாள்.

"எனக்குச் சம்மதம்தான். ஆனா மூணு விசயம். நான் வேலைய விட மாட்டேன், பாளையங்கோட்டைக்குத் தெனமும் பஸ்ல போயிட்டு வருவேன். நீங்க திங்கக்கெழம கம்பெனில உண்மையச் சொல்லணும். ஓட்டலுக்குப் போனா எதுனாலும் சரின்னு சொல்லக்கூடாது."

"எனக்கு யோசிக்க நேரம் வேணும்னு நான் சொல்லக்கூடாதா?" என்றார் மணிராஜ், முகத்தில் சிரிப்போடு.

"சொல்லலாம். பஸ் எடுக்க அஞ்சு நிமிசம் இருக்கு."

அவருக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை அவர் சொன்னார். கம்பெனியில் கொஞ்சம் சத்தம் போட்டார்கள். ஆனால் இருபத்தாறு வருடம் அந்த இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டிய கைக்கு மாற்று ஆள் அவர்களிடம் இல்லை. அவரைப் பழுது பார்க்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் கழித்து, கசிவுக்கு அலறும் கருவியையும் மாட்டினார்கள். ஜனவரியில் பாளையங்கோட்டையில் கல்யாணம். பெண் வீட்டில் யாரும் தட்டு ஏந்தவில்லை. விருந்துக்கு எந்தச் சமையல்காரர் என்பதை ஜெமிமாவே நாலு கடையில் சாப்பிட்டுப் பார்த்து முடிவு செய்தாள். ஹெப்ரான் பயந்த அந்த ஊர் வந்து, மூன்று பந்தி உட்கார்ந்து, வாயைத் திறந்தது பாயசம் கேட்கத்தான்.

இப்போது அவள் காலை ஆறரை மணி பஸ்ஸில் தூத்துக்குடியிலிருந்து வேலைக்குப் போகிறாள். வீட்டு அடுப்படி ஜன்னலில் நாலு சிறிய கண்ணாடிப் புட்டி வரிசையாக இருக்கும். மணிராஜ் காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்கிறார். சில நாள் கிராம்பு லேசாகத் தெரிகிறது என்பார். சில நாள் ஒன்றுமே இல்லை என்பார். ஜெமிமா இரண்டையும் தேதி போட்டு எழுதிக்கொள்கிறாள், எதற்கும் முகம் வாடுவதில்லை.

குழம்பு எப்படி இருக்கிறது என்று கரோலின் அப்பாவைக் கேட்பதில்லை. ஜெமிமாவைக் கேட்கிறாள். அவள் கேட்டால் உள்ளதைச் சொல்வாள். ஒருநாள், "புளி தூக்கல், மல்லி பத்தல" என்று சொல்ல, கரோலின் கரண்டியை வைத்துவிட்டுச் சண்டைக்கு நின்றாள். அடுத்த வாரமே மல்லியைக் கூடப் போட்டு வைத்தாள். மணிராஜ் இருவரையும் பார்த்துக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினார்.

சனிக்கிழமைகளில் மூவருமாக வெளியே போகிறார்கள். போன வாரம் புன்னக்காயல் போகிற வழியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு சிறிய கடைக்குப் போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் கடைக்காரம்மா வந்து, என்ன வேண்டும் என்று கேட்டார்.

மணிராஜ் முந்திக்கொண்டார். "கணவா வறுவல் இருக்கா? நல்லாச் சுருள வறுத்து, மிளகு தூக்கலா. நண்டு இருந்தா அதுவும். ஓட்ட ஒடைக்காமக் கொண்டாங்க, நான் ஒடைச்சுக்கிடுதேன்."

"எனக்குச் சோறும் நெத்திலிக் குழம்பும்" என்றாள் கரோலின்.

கடைக்காரம்மா ஜெமிமாவைப் பார்த்தார். "ஒங்களுக்கு?"

"நான் அடுப்படிக்கு வந்து பாத்துச் சொல்லட்டா?" என்று கேட்டுக்கொண்டே ஜெமிமா எழுந்துவிட்டாள்.